மாட்டு டாக்டர் ஏன் டீ குடிக்கவில்லை

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளியின் கட்டிலருகே நின்று ஒரு ஃபாரம் நிரப்புவீர்கள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, வேறு தொந்தரவு ஏதாவது. ஐந்து நிமிட வேலை. கை பழகிவிட்டால் மூன்று நிமிடம். இருபத்தெட்டு வருடம் அதை நிரப்பியிருக்கிறேன். போன தை மாதம் முதுகுத் தண்டு இனி முடியாது என்றது, வேலையை விட்டேன். ஐம்பத்திரண்டு வயது. உட்கார்ந்திருக்க இன்னும் பழகவில்லை. வீட்டுக்குள்ளேயே ரவுண்ட்ஸ் போகிறேன், அடுப்பிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து கிணற்றடிக்கு. கால் ஓயாததால் கையாவது எழுதட்டும் என்று, ஆபரேஷன் தியேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் நல்ல நர்ஸ். இதில் எனக்கு அடக்கம் கிடையாது. நரம்பு கிடைக்காத கையில் நரம்பு கண்டிருக்கிறேன். மானிட்டர் கத்துவதற்கு முன்னால் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன். கத்தியால் இல்லை, தப்பு மருந்தால் இல்லை. ஒரு கேள்வியைக் கேட்காமல்.

நடந்தது பெரம்பலூரில், நாற்பது படுக்கை கொண்ட ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில். பித்தப்பையில் கல் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது, அவ்வளவு இளைப்பு. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்து மாட்டு டாக்டர்.

டாக்டர் என்று நாங்கள் சொல்வதுதான். வேலை கால்நடை ஆய்வாளர். வாலிகண்டபுரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். சினை ஊசி, தடுப்பூசி, கன்று குறுக்கே நின்றால் கை விட்டுத் திருப்புவது, எதற்கும் பைக்கில் அவர்தான் வருவார். உடையார்பாளையம் பக்கத்து நிலக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். நாங்கள் அடுத்தவர் வயலில் கூலி செய்தவர்களின் பிள்ளைகள். என் தலைமுறையில்தான் ஒருத்தி நர்ஸ், ஒருவன் டிரைவர், ஒருவன் ஆபீஸ் என்று வெளியே கிளம்பினோம். ஆகவே எங்கள் தெருவுக்கு வருகிறவருக்கு டீ கொடுப்பது வெறும் உபசாரம் இல்லை. டம்ளரை நீட்டிவிட்டு முகத்தைப் பார்ப்போம். கை எப்படி நீள்கிறது, உதடு வரை போகிறதா, ஒரு வாயோடு ஓரமாக வைக்கப்படுகிறதா. வந்தவர் மனதில் எங்களுக்கு என்ன இடம் என்று அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மாட்டு டாக்டர் வாங்கவே மாட்டார். "இப்பதாங்க குடிச்சேன்" என்பார். வெயிலில் வந்து, ஒரு மணி நேரம் கன்றோடு மல்லுக்கட்டி, சட்டை நனைந்து நிற்கும்போதும் அதே பதில்தான். கிளம்பும்போது பைக் பெட்டியிலிருந்து தன் பாட்டிலை எடுத்து, திரும்பி நின்று ஒரு மடக்கு குடிப்பார்.

என் அண்ணிக்கு வாய் நீளம். "மாட்டுக்குள்ள முழங்கை வரைக்கும் வுடுவாரு, நம்ம டம்ளரை வெரலால தொட மாட்டாரு" என்பார்.

"மாடு நம்ம வூட்டுத் தண்ணியத்தான குடிக்குது அண்ணி" என்பேன் நான்.

"மாட்டுக்குச் சாதி இல்லைன்னு நெனச்சிருப்பாரு."

சிரிப்போம். சிரித்து முடித்த பிறகு வாயில் ஒரு கசப்பு நிற்கும்.

அந்தக் கசப்போடுதான் அவர் கட்டிலருகே ஃபாரத்துடன் நின்றேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அது வேறு எரிச்சல். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. இரண்டு தலையணைகளைச் சாய்த்து, உட்கார்ந்தவாக்கில் இருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்க்.

"மத்தியானத்துக்கு அப்புறம் எதுவும் சாப்பிடக் கூடாது. நாளைக்குக் காலைல மயக்க மருந்து" என்றேன்.

"சரிங்க சிஸ்டர். அந்தச் சாப்பாட்டு விஷயத்துலயே எனக்கு ஒண்ணு சொல்லணும்…"

"எதுன்னாலும் காலைல மயக்க டாக்டர் வருவாங்க. அவங்ககிட்ட சொல்லிக்குங்க."

வாயை மூடிக்கொண்டார். வேறு தொந்தரவு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். வேறு யாராயிருந்தாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

மறுநாள் காலை, காலி வயிறு என்று ஃபாரத்தில் நான் எழுதிக் கொடுத்ததும், அட்டெண்டர் அவரைத் தள்ளிக்கொண்டு தியேட்டருக்குப் போய்விட்டார். நான் வார்டு ஓரத்தில் கைகழுவும் தொட்டிப் பக்கம் போனேன். அவர் மனைவி அங்கே தலையணை உறையை அலசிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்குத் தலையணை வீட்டிலிருந்துதான் வரும், உங்களுக்குத் தெரியும்.

"இங்க துணி அலசக் கூடாதுங்க. தொட்டி அடைச்சுக்கும்."

"கோச்சுக்காதீங்க சிஸ்டர். சோறு ஒட்டியிருக்கு, நாத்தம் அடிக்குது. வூட்லயும் தெனம் இந்த வேலதான்."

தொட்டியின் சல்லடையில் ஐந்தாறு சோற்றுப் பருக்கை. நடுவில் முருங்கைக்கீரை, இலை இலையாக, வதக்கி இறக்கினது போல.

"நேத்து மத்தியானத்துக்கப்புறம் எதாச்சும் குடுத்தீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"பச்சத்தண்ணி குடுக்கலைங்க. நேத்து பூராவே அரை டம்ளர் கஞ்சிதான். இந்தக் கீர முந்தாநாள் வூட்ல ஆக்கினது. படுத்தார்னா இப்படித்தான், தின்னது அப்படியே தலகாணிக்கு வந்துடும்."

முந்தாநாள் கீரை, இன்றும் இலையாகவே இருக்கிறது. வயிற்றைப் பார்த்த இலை அப்படி இருக்காது. அது இரைப்பைக்குப் போகவே இல்லை. நெஞ்சுக்குப் பின்னால், உணவுக்குழாயிலேயே இரண்டு நாளாக நிற்கிறது. நான் எழுதிய காலி வயிறு உண்மைதான். வயிறு காலி. அதற்கு மேலே ஒரு குழாய் நிறையச் சோறும் தண்ணீரும். மல்லாக்கப் படுக்கவைத்து மயக்கம் கொடுத்தால் இருமல் அடங்கும், குரல்வளை காவலை விடும், அத்தனையும் நுரையீரலுக்குள் போகும்.

ஓடினேன். முப்பது அடி நடைபாதை. அந்த முப்பது அடியில் இரண்டு பேர் எனக்குள் ஓடினார்கள். ஒருத்தி, இன்னும் மயக்கம் கொடுத்திருக்கக் கூடாது, கொடுத்திருக்கக் கூடாது என்று ஓடினாள். இன்னொருத்தி, என்னவென்று சொல்வாய், உன் கையெழுத்துதானே அதில் இருக்கிறது என்று கேட்டபடி ஓடினாள். இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்குள்ளும் அந்த இரண்டாமவள் ஓடுவாள். அவளை ஓடவிடுங்கள், ஆனால் கதவை முதலாமவள் திறக்க வேண்டும்.

மயக்க டாக்டர் ஒரு கையில் ஆக்ஸிஜன் முகமூடியோடு நோயாளியின் தலைமாட்டில் நின்றார். திருச்சியிலிருந்து வாரம் மூன்று நாள் வருகிற அம்மா, ஓய்வை நெருங்கியவர். நாக்கு ஊசியைவிடக் கூர். இன்னொரு கையில் மருந்து ஏற்றிய சிரிஞ்சு. சர்ஜன் கை கழுவி, கைகளைத் தூக்கியபடி நின்றார். பகலில் அரியலூரில் அவருக்கு இன்னொரு கேஸ்.

"இவருக்கு மயக்கம் குடுக்காதீங்க டாக்டர். நான் எழுதினது தப்பு."

"என்ன சிஸ்டர், ராகு காலம் பாத்துட்டு வந்தீங்களா?" என்றார் சர்ஜன்.

அந்த அம்மா சிரிஞ்சைத் தட்டில் வைத்தார். முதலில் மேசையின் தலைப்பக்கத்தை நிமிர்த்தினார், மனிதரை உட்காரவைத்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். இந்த வரிசையைக் கவனியுங்கள். காரணம் கேட்பதற்கு முன்னால் ஆளை ஆபத்திலிருந்து எடுத்தார்.

நான் சொன்னேன். கீரை, தலையணை, முந்தாநாள். அவர் நோயாளியின் பக்கம் திரும்பினார்.

"சோறு நெஞ்சுல நிக்குமா?"

"நிக்கும்ங்க."

"தண்ணி?"

"சில நேரம் தண்ணிதாங்க ஜாஸ்தி நிக்கும். சோறாவது கையத் தூக்கிகிட்டு ரெண்டு குதி குதிச்சா எறங்கிடும். வெந்நின்னா கொஞ்சம் தேவல."

"ஆரம்பத்துல இருந்தே தண்ணியும் நிக்குதா, இல்ல சோறு மொதல்ல நின்னு, அப்புறம் தண்ணியா?"

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க."

"எத்தனை நாளா?"

"நாலு வருசமாவுது."

"நாலு வருசம். இதை இங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான். "சொல்ல நேரம் அமையலைங்க" என்றார்.

அந்த அம்மா கேட்ட மூன்றாவது கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சோறு நின்று, சில மாதத்தில் கஞ்சி நின்று, பிறகு தண்ணீரும் நின்றால், குழாயின் உள்ளே ஏதோ வளர்ந்து வழியைக் குறுக்குகிறது என்று பயப்பட வேண்டும். புற்றுநோயின் நடை அது. சோறும் தண்ணீரும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து நின்றால், வழியில் அடைப்பு இல்லாமல், குழாயே வேலை செய்ய மறந்திருக்கலாம். அக்கலேசியா என்று அதற்குப் பெயர். உறுதியான பதில் அது இல்லை, எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்டுகிற கை.

அன்று பித்தப்பையை யாரும் தொடவில்லை. மதியம் உட்காரவைத்தபடியே, படத்தில் வெள்ளையாகத் தெரிகிற பேரியம் மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் அவர் நெஞ்சுக்குள் வெள்ளையாக ஒரு தூண் நின்றது. அகலமாக, அசையாமல். கீழே வந்ததும் சட்டென்று ஒடுங்கி, ஒரு பறவையின் அலகு. அந்த அலகின் நுனியிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாகத்தான் வயிற்றுக்குள் போயிற்று. நாலு வருடம் அந்த அலகு ஊட்டியதைத்தான் இந்த மனிதர் தின்று பிழைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பார்க்க அழகாக இருந்த கொடுமை அது.

அவருக்கு மயக்க டாக்டர் அம்மா விளக்கியபோது நானும் அவர் மனைவியும் நின்றோம்.

"மாட்டுக்குத் தொண்டைல மாங்கொட்டை சிக்கின மாதிரியா டாக்டர்?" என்றார் அவர்.

"எதுவும் சிக்கலை. குழாயோட கடைசில வளையம் மாதிரி ஒரு தசை இருக்கு. விழுங்கும்போது அது நெகிழணும். நெகிழுன்னு சொல்ற நரம்பு உங்களுக்குச் செத்துப்போச்சு. மேல இருந்து தள்ளிவிடுற அலையும் இல்லை. கதவும் திறக்கலை, தள்ள ஆளும் இல்லை. பாரம் ஏறுனா கொஞ்சம் கொஞ்சமா கசியுது."

"எதனால வந்துது?"

"உறுதியா யாருக்கும் தெரியாது. உடம்போட எதிர்ப்புச் சக்தியே அந்த நரம்பைத் தாக்குதுன்னு நெனைக்கிறாங்க. நீங்க தின்னதால இல்லை, கவலைப்பட்டதால இல்லை, செஞ்ச எதாலயும் இல்லை."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "என் கைச்சோறு புடிக்கலைன்னு நெனச்சிட்டு இருந்தேன் சிஸ்டர். தட்டைத் தூக்கிகிட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போயிடுவாரு. அங்க நின்னுகிட்டு, நடந்துகிட்டு, கையத் தூக்கிகிட்டு தின்னுவாரு. எம் மூஞ்சியப் பாத்துகிட்டு சாப்பிடக்கூடப் புடிக்கலையான்னு எத்தினி நாள் சண்ட போட்டிருக்கேன்." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "ஊரு மாட்டுக்கெல்லாம் தொண்டைல கைய வுட்டு எடுக்கத் தெரியுது. தன் தொண்டையப் பத்தி வாயத் தெறக்கத் தெரியல."

நாலு வருடத்தில் மூன்று இடத்தில் காட்டியிருக்கிறார். நெஞ்செரிச்சல் என்று அல்சர் மாத்திரை. படுத்தால் இருமல், ஆள் இளைக்கிறார் என்று இரண்டு முறை சளி எடுத்து டி.பி. பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. கடைசியாக ஒருவர் மனசுதான் காரணம் என்றார். ஒவ்வொருவரும் ஒரு துண்டைக் கேட்டார்கள். முழுதாகக் கேட்கிற வாய்ப்பு எனக்கு வந்தது. நான் முதல் வாக்கியத்திலேயே வெட்டினேன்.

சாயங்காலம் அந்த அம்மா என்னைத் தனியாக நிறுத்தினார். "நீ இப்படி விடுற ஆள் இல்லையே. ஏன் விட்ட?"

டம்ளர் கதையைச் சொன்னேன். பாதியில் குரல் ஏறிவிட்டது. எங்கள் தெருவில் நின்று பார்த்தால்தான் அது உங்களுக்குப் புரியும் டாக்டர் என்றேன்.

"உன் கோபம் நியாயமா இருக்கலாம். அது எனக்குத் தெரியாது. அந்தக் கோபத்தை ஃபாரத்துல எந்தக் கட்டத்துல எழுதின?"

"எழுதலை டாக்டர்."

"எழுதலைன்னு நீ நெனைக்கிற. வேறு தொந்தரவு இல்லைன்னு எழுதினியே, அது என்ன?" பிறகு, "நானும் நேத்தே வந்து பாத்திருக்கணும். என் பங்கை நான் எழுதிக்கிறேன். உன் பங்கை நீ எழுது" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் தியேட்டருக்குள் விடவில்லை. சரியான தண்டனை. புலம்பவில்லை.

அவரைத் திருச்சிக்கு அனுப்பினோம். உள்ளே புற்றுநோய் ஒளிந்துகொண்டு இதே வேஷம் போடும் என்பதால் எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள், இல்லை. மெல்லிய குழாய் விட்டு, விழுங்கும்போது உள்ளே அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்தார்கள். அக்கலேசியாதான் என்று உறுதியாயிற்று. செத்த நரம்பை எழுப்புகிற வைத்தியம் எங்கேயும் இல்லை. அந்த வளையத்தை நெகிழ்த்தலாம், அவ்வளவுதான். பலூன் விட்டு விரிக்கலாம், வயிற்றில் துளை போட்டுத் தசையை வெட்டலாம், வாய் வழியாகவே உள்ளே போயும் வெட்டலாம். ஆபரேஷன் தாங்காதவர்களுக்கு ஓர் ஊசி உண்டு, சில மாதத்தில் அதன் வேலை தீர்ந்துவிடும். இவருக்குப் பித்தப்பையும் எடுக்க வேண்டியிருந்ததால் துளை போட்டே இரண்டையும் முடிப்பது என்று தீர்மானித்தார்கள். சில நாள் தண்ணீராகாரம் மட்டும் கொடுத்து, மயக்கத்துக்கு முன் குழாய் விட்டு நெஞ்சிலிருந்ததை உறிஞ்சி எடுத்தார்களாம். ஒரு கிண்ணம் நிறைய வந்தது என்று மனைவி போனில் சொன்னார்.

அதற்குள் நான் ஊருக்குப் போய், அவர் கதையை அண்ணியிடம் சொல்லியிருந்தேன். நோயாளியின் சங்கதியைத் தெருவில் சொல்லலாமா என்று கேட்பீர்கள். கூடாது. அதுவும் என் தவறுதான். மனப்பாரம் தாங்காமல் சொன்னேன். "அடப்பாவமே, நாம என்னென்ன பேசிட்டோம்" என்றார் அண்ணி. தெரு இரண்டு நாள் அவருக்காக இரக்கப்பட்டது.

தையல் பிரிக்க எங்களிடமே வந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை. மனைவி ஜன்னலோரம் நின்றார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சாப்பாடு?"

"கொழைஞ்ச சோறும் ரசமும்ங்க. மெதுவா."

"தண்ணி?"

"போவுது."

"நிக்காமலா?"

"நிக்காம போவுதுங்க. மொத நாளு பயந்துட்டேன், எங்க போச்சுன்னு."

எழுதிக்கொண்டு, பேனாவை மூடினேன். "சார், நான் உங்க ஏரியாதான். எங்க தெருவுல நீங்க டீ வாங்க மாட்டீங்க. அந்தக் கோவத்துலதான் அன்னைக்கு நீங்க சொல்ல வந்ததைக் கேக்காம வெட்டினேன். உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க."

"அவரு யார் வூட்லதான் சிஸ்டர் குடிச்சாரு" என்றார் மனைவி உடனே. "எங்க அம்மா வூட்லயே குடிக்க மாட்டாரே."

அவர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவ்வளவு வசதியான இடம். பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், தொண்டை அடைச்சது நாலு வருசமாத்தான். உங்க தெருவுக்கு நான் வர ஆரம்பிச்சு பன்னெண்டு வருசம் ஆச்சு."

மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வாசலில் ஏதோ பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

அவர் மட்டும் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், இது உங்களுக்குச் சொல்லச் சுகமான கதையாக இருந்திருக்கும். நல்ல மனிதரைத் தவறாக நினைத்தேன், உண்மை தெரிந்து திருந்தினேன். இல்லை. தொண்டை அடைப்பதற்கு முந்தைய அந்த எட்டு வருடமும் என் தெரு அவரைச் சரியாகத்தான் படித்திருக்கிறது. என் கோபம் சரியான ஆள்மேல்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஆளை நான் காலி வயிறு என்று எழுதி மேசைக்கு அனுப்பினேன். ஒன்று மற்றொன்றைக் கழுவாது. நம் வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நம் வீட்டில் தண்ணீர் குடிக்காதவர்களாக இருக்கலாம். அவர்களுடைய மூச்சுக்குழாயும் நம் பொறுப்புதான். இதைப் பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். வேலை, அவ்வளவுதான். அதைச் சுத்தமாகச் செய்தவளுக்குத்தான் பிறகு நிமிர்ந்து நின்று கோபப்படவும் முடியும்.

அன்று எனக்கு முகம் சுட்டது. பேனாவைத் திறந்தேன்.

"படுத்தா எதாச்சும் மேல வருதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். வேறு ஏதோ கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

"புளிப்பா கொஞ்சம் வருதுங்க. சொல்லணும்னு நெனச்சேன்."

புளிப்பு என்றால் வயிற்றிலிருந்து வருகிறது. கதவைத் திறந்துவிட்ட பிறகு அமிலம் மேலேறலாம், அதற்கு மருந்து வேண்டும், தலைமாட்டை உயர்த்த வேண்டும். சாப்பிட்ட எவ்வளவு நேரத்தில், வாரத்தில் எத்தனை நாள், இருமலோடா இருமல் இல்லாமலா என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துச் சொன்னார். அவர் முடிக்கும்வரை பொறுத்து, முழுவதையும் எழுதினேன்.